பதிந்த காருக்கு நான் தெரிந்தெடுத்த சில்லுகள்

கார்ச் சில்லின் உட்பக்கத்தை அண்ணன் பழைய சாரத்துண்டால் அழுத்தித் துடைத்தான். கறுப்புத் தூசுக்குள்ளிருந்து வார்ப்பு எழுத்துகள் மெல்ல வெளியே வந்தன.

"இஞ்ச வா, இதை வாசி."

நான் குந்தியிருந்து வாசித்தேன். பதினைந்து, பெருக்கல் குறி, ஆறரை, இரண்டு ஆங்கில எழுத்துகள், நாலு, ஒரு சின்னக் கோடு, நூறு. கடைசியாகக் கூட்டல் குறி போட்டு முப்பத்தெட்டு. நான் நிமிர்ந்ததும் அண்ணன் கடைக்கார நானாவைப் பார்த்தான். "தம்பி வாசிச்சிட்டான்" என்றான், பாதி வேலை முடிந்துவிட்டது போல.

நான் வாசித்தது உண்மை. வாசித்ததில் ஒன்றுமே எனக்கு விளங்கவில்லை என்பதும் உண்மை.

எங்கள் வீட்டில் அப்பா கடைசிவரை கைநாட்டுத்தான் வைத்தார். அம்மாவுக்குத் தன் பெயரை எழுதத் தெரியும், அதுவும் மெதுவாக. அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நெல் ஆலை லொறியில் ஏறிவிட்டான். நான் ஒருவன்தான் உயர்தரம்வரை போனவன், அதிலும் கணிதப் பிரிவு. பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலம் அது. எழுத்து உள்ள எதுவும் வீட்டில் என்னிடம்தான் வரும். மருந்துப் போத்தல், உரப்பையின் பின்பக்கம், கச்சேரியிலிருந்து வரும் அரசாங்கக் கடிதம். ஆங்கிலமென்றாலும் வரும், சிங்களமென்றாலும் வரும். தெரியாது என்று நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லலாம் என்பதே தோன்றியதில்லை.

சண்டை ஓய்ந்து வடக்குப் பாதை திறந்து இரண்டாவது வருசம் அண்ணன் இந்தக் காரை வாங்கினான். வெள்ளை நிற ஜப்பான் கார். முன்பு வைத்திருந்தவர் நீர்கொழும்புக்காரர். ஸ்பிரிங்குகளை வெட்டிக் காரை நிலத்தோடு ஒட்டப் பதித்திருந்தார். வவுனியாவில் அப்படியொரு கார் அப்போது இல்லை. கடைவீதியால் போனால் சனம் குனிந்து பார்க்கும். அண்ணனுக்கு லொறியில் மூட்டை ஏற்றி ஏற்றி இடுப்புப் பிடித்துவிட்டது. கலியாண ஓட்டத்துக்குக் கார் விடலாமென்று லொறியை விட்டு இறங்கினான். இறங்கிய கிழமையே முதல் ஓட்டமும் வந்தது. பொம்பிளை வவுனியா, மாப்பிள்ளை மாங்குளம். இங்கே தாலி கட்டி முடிந்ததும் இருவரையும் மாங்குளத்துக்குக் கொண்டுபோய் விடவேண்டும். மாப்பிள்ளை காரை நேரில் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"இந்தப் பதிவுதான் அண்ணை வடிவு. இதை உயர்த்திப்போட்டுக் கொண்டு வந்தியளெண்டா எனக்கு வேண்டாம், நான் வான் பிடிக்கிறன்."

காரோடு வந்த சில்லுகள் பெரியவை, தடித்த குரோம் பூசியவை. பள்ளமும் கிடங்குமான மன்னார் வீதியில் ஒரு கிடங்குக்குள் விழுந்து முன்சில்லு ஒன்று நெளிந்து போனது. ஸ்டியரிங் கிடந்து நடுங்கியது. கராஜ்காரர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பிரிங் கட்டை, சில்லு பாரம், ஒவ்வொரு கிடங்கிலும் அந்தப் பாரம்தான் துள்ளி அடிக்கிறது என்றார். காரை உயர்த்தாமல் மாங்குளம் போகவேண்டுமென்றால் பாரமில்லாத சில்லுதான் போடவேண்டும். சில்லு சரிவராவிட்டால் மாப்பிள்ளை வான் பிடிப்பார். முதல் ஓட்டமே தவறிப்போன கார் என்று பெயர் எடுத்தால், அண்ணன் திரும்ப லொறியில் ஏறவேண்டியதுதான். அதை அண்ணன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இரவில் அம்மா அவனுடைய இடுப்புக்கு எண்ணெய் பூசும்போது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

அப்படித்தான் நானாவின் கடைக்கு வந்தோம். நானாவின் சொந்த இடம் தண்ணீரூற்று. தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது இடம்பெயர்ந்து வந்து வவுனியாவிலேயே கடை போட்டுவிட்டார். கூரைச் சலாகையில் கம்பி கட்டிச் சில்லுகளை வாழைக்குலை போலத் தொங்கவிட்டிருப்பார். எங்கள் காருக்குப் பொருந்தும் பாரமில்லாத சில்லு அவரிடம் இரண்டு செற் இருந்தது. இரண்டும் பதினைந்து அங்குலம், இரண்டும் நாலு பொல்ட். பார்வைக்கு ஒரே மாதிரி. ஒன்றில் முப்பத்தெட்டு, மற்றதில் இருபத்தைந்து. அந்த இலக்கம் மட்டும்தான் வித்தியாசம்.

அண்ணன் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கினான். முகம் மாறியது.

"என்ன நானா, சோத்துப் பானை மூடி மாதிரிக் கிடக்கு. இதிலயோ பொம்பிளையை ஏத்துறது?"

"தம்பி, பாரம் குறைஞ்சால் பலம் குறைஞ்சதெண்டில்லை. உங்கட இரும்புச் சில்லு நெளிஞ்சதுதானே?"

பக்கத்து மரக்கறிக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தோம். கோவாவை இறக்கிவிட்டுச் சில்லை வைக்க, மரக்கறிக்காரர் "கிலோ என்ன விலை?" என்று கேட்டார். புதியது ஐந்தே முக்கால் கிலோ. பழையது பத்தைத் தாண்டியது. அண்ணன் இரண்டையும் மாறி மாறி இரண்டு தரம் நிறுத்தான். பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

"சரி. இப்ப நீ சொல்லு. எது?"

நான் கையோடு கொப்பி கொண்டு போயிருந்தேன். முதலில் பொல்ட் ஓட்டைகள். அடுத்தடுத்த இரண்டு ஓட்டைகளுக்கு இடையே அளந்தேன். எழுபது மில்லிமீற்றரும் கொஞ்சமும். அதை வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, பைதகரசின் தேற்றத்தால் மூலைவிட்டத்தைக் கண்டுபிடித்தேன். நூறு. காரின் அளவும் நூறுதான். நானா வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் மட்டும் என் கையிலிருந்த நாடாவை வாங்கி, ஓர் ஓட்டையிலிருந்து அதற்கு நேரெதிர் ஓட்டைக்குப் பிடித்தான்.

"நூறு. ஏன்ரா, இப்பிடிப் பிடிச்சிருக்கலாம்தானே?"

"அதுவும் ஒரு முறைதான்" என்றேன்.

கணக்குச் சரி வந்த சந்தோசத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அடுத்ததுதான் சிக்கல். அந்தக் கூட்டல் குறி. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதைச் 'சக' என்போம். கழித்தல் குறியைச் 'சய'. சில்லு எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கும், எவ்வளவு வெளியே தள்ளி நிற்கும் என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது என்று நானா கேள்விப்பட்டிருந்தார். எது உள், எது வெளி என்று அவருக்கும் நிச்சயமில்லை. காரின் டாஷ்போட்டுக்குள் நீர்கொழும்புக்காரர் விட்டுப்போன ஆங்கில மோட்டார் சஞ்சிகை ஒன்று கிடந்தது. மூன்று நாள் தவணை கேட்டு, வீட்டில் அதை அகராதியோடு வைத்துப் படித்தேன். மட்காட்டுக்குள் சில்லு அடங்கி நிற்பதற்கு அவர்கள் பாவித்த சொல்லுக்கு என் அகராதி சட்டையில் தைக்கும் மடிப்பு என்று பொருள் தந்தது. விளக்கப்படம் இருந்த பக்கத்தில் பாதி இல்லை. அதில் யாரோ எதையோ சுற்றிக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆகவே நான் எனக்குத் தெரிந்த வழியில் யோசித்தேன். வரைபில் சக என்றால் பூச்சியத்திலிருந்து வெளியே, வலப்பக்கம். காரின் நடுவைப் பூச்சியம் என்று வைத்தால் சக முப்பத்தெட்டு அதிகம் வெளியே நிற்கும். சக இருபத்தைந்து அதைவிட உள்ளே நிற்கும். பதிந்த காரில் ரயர் மட்காட்டில் முட்டாமல் உள்ளே நிற்பதுதான் நல்லது. நாலாம் நாள் திரும்பக் கடைக்குப் போய், கொப்பியில் கோடு கீறி, அம்புக்குறி போட்டு, இரண்டு பேருக்கும் காட்டினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, ஓர் ஆசிரியருடையது போல.

"இருபத்தைஞ்சு" என்றேன்.

நானா எதையோ சொல்ல வந்து கொப்பியைப் பார்த்தார். பிறகு கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார்.

பூட்டி முடித்துக் காரை ஜாக்கிலிருந்து இறக்கியபோது கராஜில் நின்ற எல்லாரும் வந்துவிட்டார்கள். ரயரும் மட்காட் விளிம்பும் ஒரே கோட்டில் நின்றன. தச்சன் இழைத்துவிட்டது போல. அண்ணன் பின்னால் போய்ப் பார்த்தான், முன்னால் வந்து பார்த்தான், றோட்டைக் கடந்து அந்தப் பக்கம் நின்றும் பார்த்தான்.

"எப்பிடியடா உனக்கு இது விளங்கினது?" என்று என் தோளில் அடித்தான்.

எனக்கு விளங்கவில்லை. உள்ளே போயிருக்க வேண்டிய சில்லு பழையதைவிட வெளியே வந்து நின்றது. ரயர் அகலமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய சில்லின் இலக்கம் வேறாக இருந்திருக்கும் என்றும் சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டு சமாதானத்தையும் நான் அளந்து பார்க்கவே இல்லை என்பது அன்று நித்திரைக்குப் போகும்போதுதான் பட்டது. ஆனால் கார் அழகாக இருந்தது. அழகாக இருப்பது பிழையாகவும் இருக்குமா என்று யாரிடம் கேட்பது?

கலியாணத்துக்கு எட்டு நாள் இருக்க, ஞாயிற்றுக்கிழமை, மாங்குளம்வரை ஓடிப் பார்க்கலாமென்று அண்ணன் சொன்னான். அங்கே அத்தானின் தமக்கை வீடு இருந்தது. அத்தான் என்றால் எங்கள் அக்காவின் கணவர். அவரும் அக்காவும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள், நான் முன்னால். முதலில் பிள்ளையார் கோயிலில் நிறுத்தினோம். ஐயர் கண்ணாடியிலும் பொனற்றிலும் சந்தனம் வைத்தார். அண்ணனுக்கு அது போதவில்லை. தட்டில் மிஞ்சியதை வழித்தெடுத்து, நாலு ரயரின் வெளித்தோளிலும் தாராளமாக அப்பினான்.

"இவையும் எங்கட ஆக்கள்தானே" என்றான்.

வவுனியா ரவுண் தாண்டியதும் பின்னாலிருந்து சத்தம் வந்தது. சர்ர். ஒவ்வொரு கிடங்கிலும் ஒரு சர்ர். அண்ணன் வானொலியைக் கூட்டினான். அடுத்த கிடங்கு பெரிது. சத்தமும் பெரிது.

"மச்சான், பின்னுக்கு ஆரோ சீலை கிழிக்கினம்" என்றார் அத்தான்.

"நீங்கள் கொஞ்சம் அரக்கி இருங்கோ அத்தான். உங்கட பக்கம்தான் கத்துது."

"நான் எங்க அரக்க? உன்ர கொக்கா இடம் தந்தாத்தானே!"

"என்ர நிறையைப் பற்றிக் கதைச்சியள் எண்டா நான் இதிலயே இறங்கிடுவன்" என்றா அக்கா.

அக்கா அதில் இறங்கவில்லை. ஓமந்தையில் எல்லாரும் இறங்கவேண்டி வந்தது. சோதனைச்சாவடியில் அதுதான் வழமை. ஆட்கள் பையோடு நடந்து ஒரு பக்கத்தால் போகவேண்டும். வாகனம் சாரதியோடு மட்டும் மற்றப் பக்கத்தால் போகும். நான் வரிசையில் நின்றபடி காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளக் கைபிடியில் கண்ணாடி பூட்டி வாகனத்துக்குக் கீழே பார்ப்பார்கள் அல்லவா, அந்தக் கண்ணாடி எங்கள் காருக்குக் கீழே போகவில்லை. ஆமிக்காரன் ஒருவன் இரண்டு மூன்று தரம் தள்ளிப் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு வயிற்றில் படுத்துப் பார்த்தான். எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு அண்ணனிடம், "இது கார் இல்லை. ஆமை" என்றான் தமிழில். அண்ணன் பல்லைக் காட்டினான். போகச் சொன்னார்கள். அங்கே வேகத்தடைக்காக மண் அணைத்திருந்தார்கள், ஒன்றன்பின் ஒன்றாக நாலு. கார் நாலிலும் ஏறி இறங்கியது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

மறுபக்கத்தில் ஏறியதும் கேட்டேன். "அண்ணை, அங்க தனிய ஓடேக்க சத்தம் கேட்டதோ?"

அண்ணன் யோசித்தான். "இல்லை" என்றான். அத்தான் கதவைச் சாத்தினார். கார் புறப்பட்டு முதல் கிடங்கில் இறங்கியது. சர்ர்.

நாங்கள் எல்லா அளவையும் வெறுங்காரில்தான் எடுத்திருந்தோம். கராஜில், சமதரையில், ஆள் இல்லாமல். கலியாணக் காரில் வெறுமையாக யார் போகிறார்கள்?

அங்கால் பக்கம் போராளிகளின் சோதனையிலும் பதிந்துவிட்டு வெளியே வந்தபோது பாதை இன்னும் மோசமானது. புகை மணம் வந்தது. அண்ணன் காரை நிறுத்தினான், நடுத்தாரிலேயே. ஓரம் கட்ட முடியாது. இரண்டு பக்கமும் மண்டையோடு கீறிய சிவப்புக் கண்ணிவெடிப் பலகைகள். தாரை விட்டுக் கால் எடுக்கக்கூடாதென்று அம்மா எல்லாருக்கும் ஒருமுறை சொன்னா. நான் பின்சில்லுக்குப் பக்கத்தில் குந்தினேன். ரயரின் தோளில் சந்தனம் இல்லை. மட்காட்டின் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். உள்மடிப்பு முழுக்க விரலில் மஞ்சளாக வந்தது. ரப்பர்த் துகளும் சந்தனமும் குழைந்து.

ரயர் வெளிப்பக்கத்தில்தான் முட்டுகிறது. உள்ளே நிற்கட்டும் என்று நான் தெரிந்தெடுத்த சில்லு.

பின் கண்ணாடியில் தூசு படிந்திருந்தது. அதில் விரலால் மறுபடியும் கீறிப் பார்த்தேன். கார், பூச்சியம், அம்பு. எப்படிக் கீறினாலும் என் கணக்கு எனக்குச் சரியாகத்தான் வந்தது. காரைப் பார்த்தால் பிழையாக இருந்தது. இரண்டில் ஒன்றை நம்பவேண்டும் என்ற நிலை வர, எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அண்ணன் பின்னால் வந்து நின்று அந்தக் கீறலைப் பார்த்தான்.

"ஆக்களைக் குறைச்சால் சரிவரும் போல" என்றான். "இல்லாட்டி மட்காட்டைச் சுத்தியலால அடிச்சு மடக்குவம். சில்லில பிழையில்லை, என்ன?"

அப்போது ஓம் என்று சொல்லியிருக்கலாம். மட்காட் மடங்கியிருக்கும், வர்ணம் வெடித்திருக்கும், கலியாணமும் எப்படியோ நடந்திருக்கும்.

"அண்ணை, நான் மாறி எடுத்திட்டன். மற்றதுதான் சரி. அந்தச் சக என்னெண்டு எனக்கு விளங்கேல்லை. அண்டைக்கும் விளங்கேல்லை."

அத்தான் சிரிக்கவில்லை. அண்ணன் தூரத்தில் மாங்குளம் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கும் விளங்கேல்லைத்தான்" என்றான். "நீ வாசிச்சபடியால் விளங்கின மாதிரிக் கிடந்தது." காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். பிறகு கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "அண்டைக்கே சொல்லுறதுக்கு என்னடா?" என்று கத்தினான்.

மாங்குளம் போகவில்லை. நடைவேகத்தில் திரும்பி வந்தோம். பின்னேரம் ஓமந்தையில் மறுபடியும் இறங்கி நடந்தோம்.

திங்கட்கிழமை காலை நானாவின் கடையில் முப்பத்தெட்டுச் செற் கூரையில் இல்லை. கொக்கிளாய்ப் பக்கத்து ஆள் ஒருவர் தன் காருக்குக் கேட்டுவிட்டுப் போனாராம். உள்ளே கட்டி வைத்திருக்கிறது, நாளைக்கு எடுக்க வருவார்.

"அவற்ற கார் பதிச்சதோ?" என்று அண்ணன் கேட்டான்.

"இல்லை, உயரக் கார்."

"அப்ப அவருக்கு இது வெளிய நிண்டாலும் முட்டாது. மாத்துவம்."

நானா சம்மதித்தார். கட்டை அவிழ்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார், "தம்பி, அண்டைக்கே எனக்கொரு ஐமிச்சம். முந்தி ஒருத்தர் இருபத்தைஞ்சு போட்டிட்டு வெளிய தள்ளுதெண்டு திருப்பிக் கொண்டந்தவர். நீங்கள் கொப்பியெல்லாம் வச்சுக் கணக்குப் போட்டீங்கள். நான் என்னத்தைச் சொல்ல?"

இம்முறை அண்ணன் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. இரண்டு செற்றிலிருந்தும் ஒவ்வொரு சில்லைக் கவிழ்த்து வைத்தான். விளிம்பின்மேல் ஒரு மரச்சட்டத்தைக் குறுக்கே போட்டு, சட்டத்திலிருந்து பொல்ட் இறுகும் முகம்வரை கைவிரலை விட்டுப் பார்த்தான். முப்பத்தெட்டில் விரல் கூடுதலாக உள்ளே போனது. அந்த முகம் காரில் ஒட்டுமென்றால் சில்லு அவ்வளவு தூரம் உள்ளே போகும். "பார்" என்று என் விரலையும் பிடித்து விட்டான். விரலுக்கு விளங்கியது. தலைக்கு வர இன்னும் கனநாள் எடுத்தது.

மாற்றிப் பூட்டியபின் பழைய நெல் ஆலைக்குப் போய் ஐந்து அரிசி மூட்டை இரவல் வாங்கினான். ஒன்று முன் ஆசனத்தில், மூன்று பின்னால். ரயர்த் தோளில் நீறு குழைத்துப் பூசிக்கொண்டு ரயில் கடவையில் ஐந்தாறு தரம் ஏறி இறங்கினோம். நீறு அப்படியே இருந்தது. ஐந்தாவது மூட்டையையும் பின்னால் போட்டோம். இடப்பக்க நீறு கொஞ்சம் அழிந்தது. "இவ்வளவுதான் இதின்ர கொள்ளளவு" என்றான் அண்ணன். காரைப் பார்த்துத்தான் சொன்னான், என்னை அல்ல.

கலியாணத்தன்று நான் முன் ஆசனத்தில் இருந்தேன். பின்னால் மாப்பிள்ளை, பொம்பிளை, மாப்பிள்ளையின் தங்கை. ஓமந்தையில் பொம்பிளை கூறைச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்தா. மாப்பிள்ளைக்குத் தான் பிடித்த கார் படும் பாட்டைப் பார்ப்பதிலேயே கண். மறுபடி எல்லாரும் ஏறிக் கார் முதல் கிடங்கில் இறங்கியபோது நான் மூச்சைப் பிடித்தேன். அண்ணனும் பிடித்தான், எனக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. மாங்குளம்வரை நான் எண்ணிக்கொண்டே போனேன், எத்தனை கிடங்கு என்று இப்போது நினைவில்லை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் சனம் காரைச் சுற்றிக் குனிந்து நின்றபோது, பொம்பிளை இறங்க வழியில்லாமல் உள்ளேயே இருந்தா.

சாப்பாடு முடிந்து நான் வெளியே வந்தேன். அண்ணன் காரடியில் நின்று யாரோ ஒரு பெரியவரோடு கதைத்துக்கொண்டிருந்தான். பொம்பிளையின் மாமா. அவருடைய மகனுக்கு ஆவணியில் கலியாணம், இந்தக் கார்தான் வேணுமாம். இப்போது அவரும் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் வவுனியா திரும்பவேண்டும். வந்த வானில் இடமில்லை. அண்ணன் கதவைத் திறந்துவிட்டான். நாலு பேரும் ஏறினார்கள். நான் முன்கதவடியில் போய் நின்று, முன்னால் ஏறியிருந்த அந்தப் பெரியவரைப் பார்த்தேன். பிறகு அண்ணனைப் பார்த்தேன்.

"அஞ்சு பேர் ஆச்சுது" என்றான் அண்ணன். "ஆறாவது ஆள் ஏறினால் முட்டும். நீ பஸ்ஸில வா."